வேர் வராத வீடு

சோடா பேக்டரி காலனியின் கிழக்குத் தெருவில் மரங்கள் வீட்டுக்குள் வந்து குடியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த மரங்களுக்கு மருந்து ஊற்றியவள் எப்சிபா. தெருவில் எல்லா வீட்டுக்கும் வேர் வந்தது, அவள் வீட்டைத் தவிர.

தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்கள் முடிந்து செம்மண் தேரி தொடங்குகிற இடத்தில் கம்பெனி அந்தக் காலனியைக் கட்டியபோது, நிழல் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று தெரு நெடுக தூங்குமூஞ்சி மரங்களை நட்டது. மரங்கள் வளர்ந்தன, பிள்ளைகளும் வளர்ந்தார்கள். பிள்ளைகள் ஓசூருக்கும் பூனாவுக்கும் அபுதாபிக்கும் போய்விட்டார்கள், மரங்கள் மின்கம்பி வரைக்கும் போய் நின்றுவிட்டன. ஓய்வு பெற்றவர்களும், கடல் தாண்டிப் போன புருஷனுக்காகக் காத்திருப்பவர்களும், போக வேறு இடமில்லாதவர்களுமாக, கிழக்குத் தெருவில் பெரும்பாலும் வீட்டுக்கு ஓர் ஆள்தான் மிச்சம். ஓர் ஆளுக்கு ஒரு பால் பாக்கெட், ஓர் ஆளுக்கு ஒரு டி.வி. சத்தம் என்று அந்தத் தெருவின் நாட்கள் ஒன்றையொன்று உரசாமல் போய்க்கொண்டிருந்தன.

எப்சிபா தோட்டப்பிரிவு சூப்பர்வைசர். தோட்டக்கலை படித்துவிட்டு இருபத்திரண்டு வயதில் வேலைக்கு வந்தவள், கல்யாணம் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போய்ப் பிறகு யாரும் அதைப்பற்றிப் பேசாமலே போனவள், தெருவின் கடைசி வீட்டில் அம்மாவோடு இருந்தவள். அம்மா போன பிறகும் இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டு, உலை கொதிக்கும்போதுதான் நினைவு வந்து நிற்பாள். அவள் வீட்டு முன்னால் நின்ற மரம் ஒரு புயலில் சாய்ந்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. மற்ற மரங்களுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் போகிற சிமெண்டு ஓடை ஓடியது.

வருஷா வருஷம் ஆடிக்காற்றுக்கு முன்னால் லைன்மேன்கள் வந்து கம்பியைத் தொடுகிற கிளைகளை எல்லாம் மொட்டையாக வெட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். மரம் அடிபட்ட பிள்ளை மாதிரி ஆங்காரத்தோடு கொத்துக் கொத்தாகத் துளிர்த்து, அடுத்த ஆடிக்குள் முன்பைவிட உயரமாகப் போய் நிற்கும். வெட்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி, காளான் பிடித்து, உள்ளுக்குள் உளுத்துப்போகும். எப்சிபா அதைப் பார்த்துப் பார்த்து மனசு விட்டுப்போய், ஒருநாள் எஸ்டேட் ஆபீசர் முன்னால் போய் நின்றாள்.

"சார், வெட்டி வெட்டி அடக்குறதுக்குப் பதிலா, மரத்துக்கிட்டயே கொஞ்சம் மெதுவாப் போன்னு சொல்லிப் பாக்கலாம்."

"சொன்னா கேக்குமா?"

"கேக்கும் சார். மாந்தோப்புக்காரங்க பூப்பிடிக்க வேரடியில ஊத்துற மருந்துதான். மேல போற பலத்தக் கீழ வேருக்கு அனுப்பிரும். கிளை நீளாது, இலை தடிக்கும், பச்சை கூடும், வறட்சி தாங்கும். அளவு மட்டும் தப்பக் கூடாது."

ஆபீசர் கையெழுத்துப் போட்டார். எப்சிபா ஒவ்வொரு மரத்தையும் டேப்பால் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்தாள், அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குப் பாத்தி வெட்டச் சொன்னாள், மருந்தைக் கரைத்துத் தன் கையாலேயே ஊற்றினாள். தெருக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவர்கள் அதற்கு அடக்குமருந்து என்று பெயர் வைத்தார்கள்.

மரங்கள் சொன்னபடி கேட்டன. அந்த ஆடிக்கு லைன்மேன்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, வேலையில்லாமல் டீ குடித்துவிட்டுப் போனார்கள். இலைகள் கறுப்போடிய பச்சையில் தடித்தன. அதே வருஷம் ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில், பாய்லர் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன், தோட்டப்பிரிவு ஷெட்டுக்கு வந்து, விருந்தாளி வந்த செய்தியைச் சொல்கிறவர் போலச் சொன்னார்.

"எப்சிபாம்மா, நம்ம மரம் வீட்டுக்குள்ள வந்திருக்கு."

"என்ன அண்ணாச்சி சொல்லுதிய?"

"கட்டிலுக்கு அடியில. தரையை உடைக்கல. ரெண்டு கல்லுக்கு நடுவுல விரல விட்டுத் தூக்கினாப்புல தூக்கிட்டு வந்து, சும்மா படுத்துக் கிடக்கு."

அவள் போய்க் குனிந்து பார்த்தாள். கட்டிலில் படுத்தவர் கையைத் தொங்கவிட்டால் எட்டுகிற இடத்தில், மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வேர் கிடந்தது. தொட்டால் மண்பானையின் அடிப்பக்கம் போல ஈரக் குளிர்ச்சி. ஆவுடையப்பனின் மனைவி மகளுடைய பிரசவத்துக்குப் பூனா போனவள், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் திரும்பி வரவில்லை.

"வெட்டணுமா அண்ணாச்சி?"

"வெட்டுறதா?" அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "நேத்துத்தாம்மா நான் விடிய விடிய முழிக்காமத் தூங்குனேன்."

அந்த வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு வேரும் அந்த வீட்டு ஆள் எங்கே தனியாக உட்கார்வாரோ அங்கே பார்த்து வந்தது. ஒரு வீட்டில் சோபாவுக்கு அருகில், ஒரு வீட்டில் தையல் மிஷினுக்குக் கீழே, ஒரு வீட்டில் சாமி படத்துக்கு எதிரே. பல்கீஸ் வீட்டில் நேரே அடுப்படிக்கு வந்து அவள் காய் நறுக்க உட்காரும் பலகையை ஒட்டிச் சுருண்டுகொண்டது. பல்கீஸின் புருஷன் தம்மாமில் இருந்தான். வருகிற நோன்புக்கு வருகிறேன் என்று நோன்புக்கு நோன்பு சொல்லிக்கொண்டிருந்தான். அவள் வேரைக் கண்டு பயப்படவில்லை. "வந்துட்டியா, அங்கனயே இரு, எண்ணெய் தெறிக்கும்" என்று சொல்லிவிட்டு, வெங்காயத்தை நறுக்கினாளாம்.

அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லிக்கொண்டிருக்க நேரமும் இல்லை, செய்ய வேண்டிய காரியங்கள் அத்தனை இருந்தன. வேருக்கு என்ன கொடுக்கலாம் என்று பேச வேண்டியிருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் ஒத்துக்கொண்டது, காப்பி ஒத்துக்கொள்ளவில்லை. மொசைக் போடும் கொத்தனார் வந்து வேர் வந்த இடங்களைச் சுற்றி வாய்க்கால் மாதிரி வகிடு எடுத்துக் கொடுத்தார். பிள்ளையார் கோவில் குருக்கள் வேருக்குப் பூப் போடலாம், கற்பூரம் மட்டும் வேண்டாம் என்றார். சர்ச்சில் உபதேசியார் திராட்சைச்செடி பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார். எஸ்டேட் ஆபீஸ், வேர்களை வெட்டக் கூடாது என்றும், வேருக்காக வாடகை குறைக்கப்படவோ கூட்டப்படவோ மாட்டாது என்றும் ஒரு சுற்றறிக்கை ஒட்டியது. மேற்குத் தெருக்காரர்கள் வீடு மாற்றிக் கேட்டார்கள். வெளியூரில் இருந்து போனில் பேசுகிற பிள்ளைகள், "அப்பா, சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்பதோடு, "வேர் எப்படி இருக்கு" என்றும் கேட்கப் பழகினார்கள். கேட்டுவிட்டு, ஒரு பாரம் இறங்கினவர்கள் போல முன்னைவிட சீக்கிரமாக போனை வைத்தார்கள்.

எப்சிபா வீட்டுக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். முன்னால் மரமில்லை, நடுவே சிமெண்டு ஓடை, வேர் போகிற தூரத்துக்கு ஒரு கணக்கு உண்டு, இதையெல்லாம் படித்தவள் அவள். தெரிந்து என்ன செய்ய. சாயங்காலம் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் கண் முதலில் தரைக்குப் போனது. கூடத்தில் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு கல் லேசாக ஆடியது. அதைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்துவிட்டு, கீழே இருந்த மண்ணைத் தினமும் ஈரமாக்கி வைத்தாள். மழைக்காலம் போனது, பனி போனது, மண்ணில் எறும்புகள்தான் வந்தன. தெருவில் அவளைப் பார்க்கிறவர்கள், "இன்னும் வரலியா?" என்று கேட்டார்கள். பிள்ளையில்லாத வீட்டில் கேட்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். பிறகு, அவள் முகம் வாடுவதைப் பார்த்து, கேட்பதையும் விட்டார்கள். நல்ல மனசோடு ஆவுடையப்பன் ஒருமுறை, "எங்க வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயேன், அது ஒண்ணும் சொல்லாது" என்று கூப்பிட்டார். அவள் போனாள். உட்கார்ந்தாள். வேரைத் தொட்டாள். அடுத்தவள் புருஷன் கையைப் பிடித்துவிட்டவள்போல உடனே எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் அப்படிப் போனது. அந்த மருந்தின் வேகம் மூன்றாம் வருஷத்தில் தணியும். மூன்றாம் வருஷம் சித்திரையில் மர உச்சிகளில் நீளமான இளம் துளிர்கள் கம்பியைப் பார்த்துக் கிளம்பின. அதே சமயம் வேர்கள், சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போகத் தயாராகிறவர்கள் மாதிரி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கின. தையல் மிஷினுக்குக் கீழே கிடந்தது வாசற்படிக்குப் போயிருந்தது. சாமி படத்துக்கு எதிரே கிடந்தது சுவரோரம் போயிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே ஷெட்டு முன்னால் வந்து நின்றது. முன்னால் ஆவுடையப்பன்.

"எம்மா, அடுத்த தரம் எப்ப ஊத்தப் போற?"

"மரத்தப் பாத்துட்டுத்தான் அண்ணாச்சி சொல்ல முடியும்."

அவள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு மரமாகப் பார்த்து வந்தாள். பல்கீஸ் வீட்டு மரத்துக்கு வந்ததும் நின்றாள். மற்ற மரங்களில் துளிர் கிளம்பியிருக்க, அதில் மட்டும் இலைகள் சிறுத்து, சுருங்கி, குளிரில் மூடிய குழந்தைக் கைகள் போலக் கொத்தாக இறுகிக் கிடந்தன. ஒரு கிளை முழுக்கக் காய்ந்திருந்தது. எப்சிபா குனிந்து அடிமரத்து மண்ணை விரலால் கிளறினாள். மோந்து பார்த்தாள்.

"பல்கீஸ், இதுக்கு நீ மருந்து ஊத்துனியா?"

பல்கீஸ் மறைக்கவில்லை. "ஆமாக்கா. தென்காசில எங்க மச்சான் மாந்தோப்பு பாக்குதாரு. அவர்ட்ட கேட்டு வாங்குனேன். போன வருஷமும் ஊத்துனேன், இந்த வருஷமும் ஊத்துனேன். எல்லா வீட்டுலயும் வேரு போவுது, எங்க வீட்டுல மட்டும் அசையாம இருக்கு பாத்தியளா?"

"அது அசையாம இல்ல. அதால அசைய முடியல. இன்னும் ஒருதரம் ஊத்தினா மரம் செத்துரும்." பிறகு எல்லோரையும் பார்த்துத் திரும்பினாள். "இந்த வருஷம் எந்த மரத்துக்கும் ஊத்த மாட்டேன். மரத்துக்கு ஓய்வு வேணும். கைகால நீட்டி வளரட்டும். மெலிஞ்சுபோன மரத்துக்கு அடக்குமருந்து கொடுக்கக் கூடாது. பெறவு பாப்போம்."

"பெறவுன்னா?"

"தெரியாது. மரம் சொல்லணும்."

பிறகு பல்கீஸ் பேசினாள். சத்தமில்லாமல்தான் பேசினாள்.

"உங்க வீட்டுக்கு வரலல்லாக்கா. அதனாலதானே?"

ஆவுடையப்பன், "ஏளா, பேசாம இரு" என்றார். ஆனால் அவரும் எப்சிபாவின் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துத்தான் சொன்னார். கூட்டம் கலைந்தது. எப்சிபா மட்டும் மரத்தடியில், விரல்களில் ஒட்டிய மண்ணைத் தட்டாமல் நின்றாள்.

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அதில் உண்மை இருக்கிறதா என்று அவள் தனக்குள்ளேயே தோண்டித் தோண்டிப் பார்த்தாள். இருக்கத்தான் செய்தது, ஒரு கீற்று. அவர்கள் வீட்டுத் தரைகள் வெறுமையாகப் போவதை நினைக்கும்போது உள்ளே எங்கோ ஓர் இடம் குளிர்ந்ததை அவள் மறுக்க முடியவில்லை. அதோடு இன்னொன்றும் இருந்தது. ஷெட்டில் ஒரு கேன் மருந்து மிச்சம் இருந்தது. அவள் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்பது ஆவுடையப்பனுடைய மரம். நல்ல திடமான மரம், ஒரு தரம் தாங்கும். சிமெண்டு ஓடையில் ஒரு விரிசல் விழுந்திருந்தது. அளவைக் கொஞ்சம் கூட்டி, இந்தப் பக்கமாகப் பார்த்து ஊற்றினால், மழைக்காலத்துக்குள் வேர் ஓடையைத் தாண்டிவிடும். பிரம்பு நாற்காலி வரைக்கும் வரும். இதை வேறு யாரால் இவ்வளவு துல்லியமாகச் செய்ய முடியும்?

ஒரு நண்பகல், தெருவில் ஒரு நாய்கூட இல்லாத வெயிலில், அவள் கேனைத் தூக்கிக்கொண்டு அந்த மரத்தடிக்குப் போனாள். பாத்தியைக் கையால் வகிர்ந்தாள். கேனின் மூடியைத் திருகினாள். அண்ணாந்து பார்த்தபோது உச்சியில் அந்த வருஷத்துத் துளிர்கள், வெளிர்பச்சையில், இரண்டு வருஷமாக மடக்கி வைத்திருந்த கையை முதல்முறையாக நீட்டிப் பார்க்கிறவன் மாதிரிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. நீயும் எனக்காக இங்கேயே இரு என்று அதனிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வீட்டை விட்டுப் போகாதே என்று அம்மா சொல்லி, அவள் போகாமலே இருந்த வருஷங்கள் எல்லாம் அந்த வெயிலில் வந்து அவளைச் சுற்றி நின்றன. மூடியைத் திருகி இறுக்கினாள். சாயங்காலமே அந்தக் கேனை ஜீப்பில் ஏற்றி மருந்து டிப்போவுக்குத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு தெரு அவளிடம் பேசவில்லை. பால்காரன் மட்டும் பேசினான், அவன் மேற்குத் தெருக்காரன். ஒவ்வொரு வீடாக வேர்கள் போயின. வைகாசி முடிவதற்குள், பல்கீஸ் வீடு தவிர, எல்லாத் தரைகளிலும் கொத்தனார் எடுத்த வகிடு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. ஆடி வந்தது, லைன்மேன்கள் வந்தார்கள். எப்சிபா ஒவ்வொரு மரத்துக்கும் கீழே நின்று, இந்தக் கிளையை இந்தக் கணுவில், அந்தக் கிளையைத் தொடவே வேண்டாம் என்று தொண்டை கட்டும்வரை சொல்லி, மொட்டையடிக்க விடாமல் வேலை வாங்கினாள். ஜன்னல்கள் பார்த்தன. யாரும் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

மிச்ச நேரம் எல்லாம் பல்கீஸ் வீட்டு மரத்தடியில்தான் இருந்தாள். அடிமரத்தைச் சுற்றி மருந்து ஊறிய மண்ணை அள்ளி அப்புறப்படுத்திவிட்டு, தேரிமண்ணும் தொழுவுரமும் கலந்து கொட்டினாள். வளரச் சொல்கிற எதிர்மருந்தைக் கரைத்து அந்த இறுகிய இலைகளில் தெளித்தாள். காலையும் மாலையும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். பல்கீஸ் அடுப்படி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு வேரும், மண் மாற்றிய சில நாளில், பலகையைச் சுற்றியிருந்த சுருளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டிருந்தது.

ஆவணி மாதத்தில் ஒரு காலை, எப்சிபா அடுத்த குடத்துக்குத் திரும்பியபோது, குடம் நிறைந்து பக்கத்தில் இருந்தது. பல்கீஸ் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேருமாக ஊற்றினார்கள். காய்ந்த கிளைக்குப் பக்கத்துக் கிளையில், ஒரே ஓர் இடத்தில், ஒரு கொத்து அவிழ்ந்து இலை முழுசாக விரிந்திருந்தது.

"பொழைச்சிரும்," என்றாள் எப்சிபா.

பல்கீஸ் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வீடு சத்தமே இல்லாம இருக்குக்கா" என்றாள்.

"வேரு சத்தம் போடுமா?"

"போடாது. அது இருக்கும்போது சத்தமில்லாம இருக்கது வேற. இது வேற."

"எனக்குத் தெரியாது பல்கீஸ். எங்க வீட்டுக்கு வரலல்லா."

பல்கீஸ் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டது வேறு. இத்தனை வருஷத்தில் யாரும் எப்சிபாவிடம் கேட்டிராத ஒன்று.

"நீங்க எப்படிக்கா இருக்கிய? வேரும் இல்லாம?"

தான் எப்படி இருக்கிறோம் என்று எப்சிபா யோசித்ததில்லை, இருந்துகொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஆனால் பல்கீஸ் நிஜமாகவே கேட்டாள், அவளுக்கு அது தேவைப்பட்டது. அதனால் யோசித்துச் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே லைட்டப் போடக் கூடாது, முதல்ல ஜன்னலத் தொறக்கணும். ராத்திரிக்குக் காலையிலயே சமைச்சு வைக்கக் கூடாது, சாயங்காலம் கைக்கு வேலை வேணும். மீன் வாங்கினா முழு மீனா வாங்கு, துண்டு வாங்காத. ஒரு துண்டு மீன் தட்டுல கிடந்தா மனசு என்னமோ செய்யும்."

பல்கீஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். அதைப் போய்த் தெருவில் தையல் மிஷின் வைத்திருந்த தையல்காரியிடம் சொல்லியிருப்பாள்போல. மறுநாள் தையல்காரி வந்தாள், "ஞாயித்துக்கிழமைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டுக்கொண்டு. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஷெட்டுக்கு வந்தார்கள், மரத்தடிக்கு வந்தார்கள், கடைசியில் அவள் வீட்டுக்கே வந்தார்கள். தெருவில் வேர் இல்லாமல் வாழ்ந்து பழகியவள் அவள் ஒருத்திதானே. காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, தனக்குத்தானே பேசுவது தப்பா, பண்டிகைக்குப் பலகாரம் சுடலாமா கூடாதா என்றெல்லாம் கேட்டார்கள். அவள் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

எல்லோருக்கும் கடைசியாக ஆவுடையப்பன் வந்தார். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, பெண் கேட்க வந்தவர் போல வாசலில் நின்றார். எப்சிபா உள்ளே கூப்பிட்டு, பிரம்பு நாற்காலியைக் காட்டினாள். தான் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"காலம்பற எனக்கு ஒரு பாடும் இல்லம்மா. பேப்பர் இருக்கு, ரேஷன் கடை இருக்கு. மத்தியானம் தூங்கிருவேன். ராத்திரியும் எப்படியோ போயிருது." அவர் தொண்டையைச் செருமினார். "வெயில் தாழ்ந்த பெறவு, லைட்டுப் போடுறதுக்கு முந்தி ஒரு நேரம் இருக்கு பாரு. அந்த நேரத்துக்கு நீ என்ன செய்யுதே?"

எப்சிபா அவரைப் பார்த்தாள். வெளியே வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது.

"அதுக்கு மட்டும் எனக்கு இன்னும் ஒண்ணும் தெரியல அண்ணாச்சி," என்றாள்.

"அப்படியா," என்றார் அவர். கொஞ்சம் நிம்மதியடைந்தவர் போலத்தான் சொன்னார்.

அவர் எழுந்து போகவில்லை, அவளும் லைட்டைப் போட எழவில்லை. நன்றாக இருட்டும்வரை இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.